பிழையை மறந்துபோன சோதனை

மேடையில் 'அருவருப்பு' என்ற சொல்லை நான் ஒருநாளும் பயன்படுத்தியதில்லை. கேட்பவர் முகத்தைச் சுளிக்கவைக்கும் சொல்லைப் பேச்சாளர் எடுக்கக் கூடாது என்பது எனக்குக் கற்பிக்கப்பட்ட முதல் விதி. பொன்னேரியிலும் சென்னையிலும் பேச்சுப் போட்டிகளில் நான் வென்ற கோப்பைகள் எங்கள் வீட்டு மாடத்தில் உப்புக்காற்றில் கறுத்துக் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றுகூட அந்த விதியை மீறிப் பெற்றதன்று. இது மேடையன்று. ஆகவே சொல்கிறேன்: கணிப்பொறித் துறையில் நான் செய்த முதல் பெரிய வேலையை நினைக்குந்தோறும் என்னுள் எழுவது அருவருப்புதான்.

எண்பதுகளின் இறுதி. கணிதத்தில் பட்டமும் அதன்மேல் கணிப்பொறிப் பயிற்சியும் முடித்துச் சென்னையில் ஒரு சிறு நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து அப்படியொரு வேலைக்குப் போன முதல் பெண் நான் என்ற கர்வம் எனக்கு இருந்தது. அதை மறைக்கவும் இல்லை. என்னிடம் தரப்பட்டது சோதனை வேலை. பிறர் எழுதிய நிரல் சரியான விடை தருகிறதா என்று பார்ப்பதற்கு இன்னொரு சிறு நிரல் வேண்டும். கட்டளைகளை வரிசையாக எழுதி இயந்திரத்திடம் ஒப்படைக்கும் அவ்வகை நிரலுக்கு ஷெல் நிரல் என்று பெயர்; அதைப் படித்து நடத்தும் உள்நிரல்தான் ஷெல். இருக்கவேண்டிய விடை முன்கூட்டியே ஒரு கோப்பில் இருக்கும். வந்த விடையை அதனோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, சரி அல்லது தவறு என்று ஷெல் நிரல் அறிவிக்கும். வழக்குரைஞர் இல்லாத தீர்ப்பு மன்றம் என்று நான் அதைப் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சோதிக்கப்பட வேண்டிய நிரலோ எங்கள் ஏரியைப் பற்றியது. ஏரியில் மீன் எங்கும் கிடைக்கும். இறால் அப்படியன்று. முகத்துவாரத்துக்கு உள்ளே, கடல்நீரும் ஏரிநீரும் கலக்கும் ஓர் இடத்தில்தான் சுத்து வலை கட்டினால் இறால் விழும். அந்த இடம் எங்கள் குப்பத்துக்கும் எதிர்க்கரைக் குப்பத்துக்கும் பொது. ஆகவே ஒருநாள் அவர்கள், மறுநாள் நாங்கள் என்று முறைவைத்துப் பிடிப்பது வழக்கம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் மணல் தூர்ந்து முகத்துவாரம் அடைபட்ட நாள் கணக்கில் சேராது. குப்பத்தில் சாவு விழுந்தால் வலை இறங்காது. அந்தப் பாடு தள்ளிப்போகும். எது சேர்ந்தது, எது தள்ளியது என்பதில் ஆண்டுதோறும் சச்சரவு. அதற்கு முந்திய ஆண்டு மழைக்காலத்தில் அது முற்றி, வலைக்கழிகள் உடைந்து, ஆட்கள் பொன்னேரிக் காவல்நிலையம்வரை போய்வந்தார்கள். மழைக்காலப் பாடு என்றால் சும்மாவா? ஆற்றுநீர் இறங்கி இறால் திரளும் அந்த மாதங்களில் பிடிப்பதைக் கொண்டுதான் மற்ற மாதங்களில் எங்கள் அடுப்பு எரியும். என் அண்ணன் வீட்டு அடுப்பும் அதில் ஒன்று.

இந்தச் சண்டையைத் தீர்க்கிறேன் என்று ஒரு தொண்டு நிறுவனம் முன்வந்தது. பாடு முறையைக் கணிப்பொறி கணக்கிடும், அட்டவணையாக அச்சிடும், இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான் என்றார்கள். நிரலை எழுதும் வேலை எங்கள் நிறுவனத்துக்கு வந்தது. இரு குப்பத்தாரும் தயங்கித் தயங்கித் தலையாட்டினார்கள்.

நிரல் பிறந்தது சென்னையில், எங்கள் அலுவலகத்துப் பெரிய இயந்திரத்தில். அது வாழவேண்டியது பழவேற்காட்டில், தொண்டு நிறுவனம் வாங்கிவைத்த ஒரு சிறிய இயந்திரத்தில். இரண்டிலும் இருந்தது யூனிக்ஸ் என்ற இயங்குதளம் என்றார்கள். பெயர் ஒன்று, ஆனால் தயாரித்தவர்கள் வெவ்வேறு, வீட்டுக்கு வீடு வழக்கம் மாறுவதுபோல் ஒவ்வொருவரும் அதைத் தம் விருப்பத்துக்கு வளைத்திருந்தார்கள். சோதனைக்கான ஷெல் நிரலை முதலில் எழுதியவர் என் மேலாளரான மூத்த பொறியாளர். அவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அங்கே ஓடினால் இங்கேயும் ஓடும் என்றார். நிரல் பதிந்த நெகிழ்தட்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கிக்கொண்டு இருவரும் பேருந்தில் பழவேற்காடு வந்து இறங்கினோம்.

இயந்திரத்தை வைத்திருந்த அறை இறால் தலை கிள்ளும் கொட்டகையை ஒட்டி இருந்தது. சாளரத்தை மூடினால் புழுக்கம். திறந்தால் இறால் தலைகள் அழுகும் நாற்றம். அந்த நாற்றத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். அது எனக்கு அருவருப்பில்லை. விசைப்பலகையின்மேல் யாரோ தேநீரைக் கொட்டித் துடைக்காமல் விட்டிருந்தார்கள். எறும்புகள் விசைகளுக்கிடையே புகுந்து வெளிவந்தன. அதுவும் பெரிதில்லை. ஷெல் நிரலை ஓடவிட்டவுடன் திரையில் கொட்டிய குப்பைதான் என் முகத்தைச் சுளிக்கவைத்தது.

திரையில் ஒரு சொல்லை எழுதவைக்கும் கட்டளைக்கு எக்கோ என்று பெயர். எழுதியபின் அடுத்த வரிக்குத் தாவாமல் அங்கேயே நில் என்பதற்குச் சென்னை இயந்திரத்தில் ஒரு குறுங்கோட்டையும் ஆங்கில 'என்' எழுத்தையும் சேர்ப்போம். பழவேற்காட்டு இயந்திரம் அந்தக் குறுங்கோட்டையும் எழுத்தையும் அப்படியே திரையில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குத் தாவியது. தேடும் கட்டளையை வாய்திறக்காமல் தேடச் சொல்ல ஒரு குறி உண்டு. இங்கே அதே குறியைக் கொடுத்தால் கிடைத்த வரிகளையெல்லாம் உரக்க ஒப்பித்தது. ஒரு கோப்பு இருக்கிறதா என்று கேட்கும் கேள்வியே இந்த ஷெல்லுக்குப் புரியவில்லை. நிரலின் முதல் வரியில், இதை இன்ன ஷெல்லிடம் கொடு என்று எழுதியிருந்த குறிப்பை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எந்தக் கருவி எந்தக் கோப்பு அடைவில் இருக்கும் என்று மூத்த பொறியாளர் முழு முகவரியோடு எழுதிவைத்திருந்தாரோ, அந்த அடைவுகளில் பாதி இங்கே இல்லவே இல்லை.

நான் ஒவ்வொன்றாகக் களைந்தேன். எக்கோவின் வழக்கத்தை நிரல் தானே முதலில் கேட்டறிந்து, அதற்கேற்பப் பேசும்படி செய்தேன். தேடியதன் வெளியீட்டை எங்கும் சேராத குழியில் கொட்டச் சொல்லி, வாய்ப்பேச்சை விட்டுவிட்டு வெற்றி தோல்வியை மட்டும் கேட்டேன். இரண்டு ஷெல்லுக்கும் தெரிந்த கேள்விகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அடித்தேன். முழு முகவரிகளை நீக்கினேன். எந்தச் சபையில் நின்றாலும் பொருள் மாறாத சொற்களைத் தேர்ந்து பேசக் கற்றவளுக்கு இது பழகிய வேலை. செய்யச் செய்ய, இதை முதலில் எழுதியவர்மேல் வெறுப்பு ஊறியது. தன் வீட்டுத் திண்டில் சாய்ந்தபடி, உலகமே தன் வீடு என்று நினைத்து எழுதிய எழுத்து அது.

மூன்றாம் நாள் மாலை திரை அடங்கியது. சோதனைகள் யாவும் வெற்றி என்ற ஒரே ஓர் ஆங்கில வரி. மூத்த பொறியாளர் கைதட்டினார். அந்தக் கணமே அட்டவணையை அச்சிட்டுக் கொட்டகைச் சுவரில் ஒட்டச் சொன்னார். மறுநாள் காலை இரு குப்பத்தாரையும் கூட்டி இயந்திரத்தை ஒப்படைப்பது என்று ஏற்பாடு. தொண்டு நிறுவனத்தின் அதிகாரியும் புகைப்படக் கருவியோடு சென்னையிலிருந்து வருகிறார்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. தோற்கவே முடியாத வாதம் வாதமன்று என்பது நான் பயின்ற பாடம். எதிரி எங்கே அடித்தால் விழும் என்று தெரியாத ஒன்றை நான் மேடைக்குக் கொண்டுபோனதில்லை. சோதனையையும் அப்படித்தான் நடத்துவேன். விடைக் கோப்பில் வேண்டுமென்றே ஒரு வரியைக் கெடுத்துவைத்து, சோதனை அதைப் பிடிக்கிறதா என்று பார்ப்பேன். சென்னையில் பிடித்தது. இங்கே ஒரு வரியைக் கெடுத்தேன். சோதனைகள் யாவும் வெற்றி. பத்து வரிகளைக் கெடுத்தேன். சோதனைகள் யாவும் வெற்றி.

காரணத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. மூத்த பொறியாளர் எழுதிய ஒப்பீடு, கோப்பை வரி வரியாகப் படித்துப் பிழைகளை எண்ணிக்கொண்டு போகும் ஒரு சுழல். சென்னையிலிருந்த புதிய ஷெல் அந்தச் சுழலைத் தானே நடத்தியது. ஆகவே எண்ணியது கையில் இருந்தது. பழவேற்காட்டிலிருந்த பழைய ஷெல், கோப்பிலிருந்து படிக்கும் சுழலை நடத்தத் தனக்கொரு பிள்ளையைப் பெற்று உள்ளறைக்கு அனுப்பியது. பிள்ளை உள்ளே போய் ஒவ்வொரு பிழையையும் ஒழுங்காகத்தான் எண்ணியது. எண்ணி முடித்தவுடன் இறந்தது. அதனோடு எண்ணிக்கையும் போயிற்று. வெளியே காத்திருந்த தாயின் கையில் தொடக்கத்தில் வைத்த சுழியம் அப்படியே இருந்தது. பிழை சுழியம், ஆகவே எல்லாம் வெற்றி.

சுவருக்குப் போய் அட்டவணையை என் கண்ணாலேயே வரிக்கு வரி படித்தேன். ஆவணிவரை ஒழுங்காக இருந்தது. அதற்கப்பால், மழைக்காலம் முழுவதும், ஒவ்வொரு நாளும் பாடு எதிர்க்கரைக் குப்பத்துக்கு. நாள்கணக்கையும் வலைக்கணக்கையும் பெருக்கி அதிலிருந்து முறையைப் பிரிப்பது நிரலின் வழி. சிறிய இயந்திரத்தில் எண்ணின் கொள்ளளவும் சிறியது. பெருக்கல் அதைத் தாண்டியதும் எண் கவிழ்ந்து சுழியத்துக்குக் கீழே போய்விட்டது. முறை தெரியாத நிரல் எல்லாவற்றையும் ஒருவர் பக்கமே தள்ளிவிட்டது. எங்கள் குப்பத்தின் மழைக்காலம் அந்தச் சுவரில் இல்லை.

எனக்கு முன்பே அதைப் பலர் எழுத்துக்கூட்டிப் படித்திருந்தார்கள். எதிர்க்கரைக்காரர்கள் சிரித்துக்கொண்டே படகேறினார்கள். எங்கள் ஆட்கள் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

மூத்த பொறியாளர் அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டார்.

"ஓடறதைத் தொடாதேம்மா. வெற்றின்னு வந்தாச்சா இல்லையா?"

"வரக்கூடாத இடத்துலயும் வருது சார்."

"நாளைக்குப் பெரியவர் வர்றார். ஒப்படைப்பு முடியட்டும், அடுத்த மாசம் வந்து பார்த்துக்கலாம். நாளைக்கு எனக்கு உன் குரல்தான் வேணும். உன் சந்தேகம் வேணாம்."

இயந்திரம் பொய் சொல்லாது என்று என் மேடைக் குரலில் என் மக்களிடம் நான் சொல்ல வேண்டுமாம். அதைவிட அருவருப்பு, அவர் முகத்தில் வஞ்சகம் துளியும் இல்லாததுதான். பிழையை மறைக்க அவர் நினைக்கவே இல்லை. 'வெற்றி' என்று எழுதியிருந்ததை அவர் உண்மையாகவே நம்பினார். படித்துப் பார்க்கும் வேலை மிச்சமாயிற்று என்பதால் நம்பினார்.

அன்று இரவு வீட்டில் அண்ணனுக்குச் சோறு போட்டேன். நைனா காலமான பின் பாடு பிடிக்க எங்கள் வீட்டிலிருந்து போவது அவன்தான். சோற்றைப் பிசைந்தபடியே, மழைக்காலம் பூராவும் அவர்களுக்கென்றால் தான் ஆரம்பாக்கத்துப் பக்கம் கூலிக்குத்தான் போக வேண்டும் என்று மட்டும் சொன்னான். நிரலில் பிழை என்றேன். நாளை அதைச் சொல்வாயா என்று கேட்டான். சொல்வேன் என்றேன். அவன் நம்பியதாகத் தெரியவில்லை.

மறுநாள் அறையும் வாசலும் நிரம்பிவிட்டன. பாடு பேசும் கூட்டத்தில் பெண்கள் வாய்திறப்பது எங்களிடம் வழக்கமில்லை. ஆனால் கணிப்பொறி அறைக்கென்று அங்கே எவரும் இன்னும் வழக்கம் வகுத்திருக்கவில்லை. மூத்த பொறியாளர் என்னை அறிமுகப்படுத்தினார். நான் எழுந்து, சுவரில் உள்ள அட்டவணை தவறு என்று தொடங்கினேன்.

அவ்வளவுதான். எதிர்க்கரைக் குப்பத்தின் தலைவர், கழுத்தில் துண்டு போட்ட பருமனான மனிதர், முன்னால் வந்து நின்றார். என் நைனாவோடு ஒன்றாகக் கடலுக்குப் போனவர். மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

"இன்னா பாப்பா, பட்டிமன்றத்துல எந்தப் பக்கம் குடுத்தாலும் பேசி ஜெயிச்சுடுவியாமே. இன்னிக்கு எந்தப் பக்கம்?"

"வேற எந்தப் பக்கம், அவுங்கண்ணன் பக்கந்தான்" என்றது வாசலிலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்தது.

என் வாழ்க்கையில் முதன்முறையாக என் நாவன்மை எனக்கே எதிர்ச்சாட்சியாக நின்றது. என்னிடம் எல்லாம் இருந்தன: எடுப்பு, தொடுப்பு, முடிப்பு, எதிரியின் சொல்லையே திருப்பியடிக்கும் வித்தை. அவற்றில் எதை எடுத்தாலும் அவர் சொன்னது மெய்யாகிவிடும். திறமையாகப் பேசப் பேச, அண்ணனுக்காகப் பேசுகிறாள் என்பது உறுதிப்படும். இத்தனை ஆண்டுகள் வாங்கிய கைதட்டல்கள்மேல் அன்றுதான் எனக்கு முதன்முதலாக அருவருப்பு உண்டாயிற்று. கைதட்டியவர்களில் ஒருவர்கூட என்னை நம்பியிருக்கவில்லை, ரசித்திருந்தார்கள்.

"நான் பேசல மாமா. நீங்க பேசுங்க. வாய்க்கு வந்த பொய் ஒண்ணு சொல்லுங்க. அத்த இந்த மிஷின்ல போடறேன். தப்புன்னு சொல்லுதான்னு பாத்துடுவோம்."

மூத்த பொறியாளர் என் தோளருகே வந்து ஏதோ முணுமுணுத்தார். சென்னையிலிருந்து வந்த அதிகாரிக்கு அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும், நடக்கட்டும் என்றார்.

தலைவர் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "எந்தப் பொய் வேணும்னாலுமா?"

"எது வேணும்னாலும்."

"அப்ப வருஷம் முச்சூடும் பாடு ஆரம்பாக்கம் ஸ்டேஷனுக்குன்னு போடு. ரயிலு வந்து வலை இழுக்கட்டும்."

அறை அதிர்ந்தது. எங்கள் குப்பத்தாரும் சிரித்தார்கள். நான் எறும்புகளைத் தட்டிவிட்டு உட்கார்ந்து, நிரல் தந்த அட்டவணையில் ஒவ்வொரு நாளுக்கும் எதிரே ஆரம்பாக்கம் என்று நிரப்பினேன். ஷெல் நிரலை ஓடவிட்டேன். வட்டு முனகியது. திரையில் ஒற்றை வரி வந்தது. ஆங்கிலம் படிக்கத் தெரிந்த ஒருவரை அவர்கள் பக்கத்திலிருந்தே அழைத்து வாசிக்கச் சொன்னேன். பழவேற்காட்டுக் கடைத்தெருவில் கணக்கு எழுதும் இளைஞர் ஒருவர் குனிந்து பார்த்தார். திரும்பி நின்று, எல்லாம் சரியாம் என்றார்.

முதலில் சிரித்தார்கள். சிரிப்பு ஒருவரிடமிருந்து ஒருவராக அடங்கியது. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. திரையையும் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையையும் மாறி மாறிப் பார்த்தார். மழைக்காலம் முழுவதையும் தம் குப்பத்துக்குத் தரும் தாள் அது. அவர் வாய்மூடி இருந்திருக்கலாம். ஒப்படைப்பு நடந்திருக்கும், தாளும் நிலைத்திருக்கும்.

"ரயிலுக்கும் சரி, எங்களுக்கும் சரியா?" என்றார். "அந்தச் சரி எனக்கு வாணாம். நாளைக்கு ஒருத்தன் என் மூஞ்சிக்கு நேரா ஆரம்பாக்கத்தான்னு கூப்புடுவான்."

அவரே போய்த் தாளைக் கிழித்தார். பசை காயாததால் பாதி சுவரிலேயே தங்கியது.

அதன்பின் நடந்ததில் இயந்திரத்துக்கு வேலை இல்லை. முதல் பாடு யாருக்கு என்று சீட்டுப் போட்டு, அங்கிருந்து ஒருநாள் விட்டு ஒருநாளாக முறையை வைத்துக்கொள்வது என்று வாசலில் நின்றபடியே பேசி முடித்தார்கள். ஏரியில் வலை இல்லாதவர்தான் சீட்டெடுக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். சுற்றிப் பார்த்தபோது அப்படிப்பட்டவர், கிழிந்த தாளிலும் கைபடாதவர், தொண்டு நிறுவன அதிகாரி ஒருவர்தான். புகைப்படக் கருவியை மூத்த பொறியாளரிடம் கொடுத்துவிட்டு, மீன்கூடைக்குள் கைவிட்டு, குப்பத்துக்கு ஒன்றாக அடையாளமிட்டுச் சுருட்டிய பனையோலைத் துணுக்குகளில் ஒன்றை அவர் எடுத்தார். சண்டையைக் கணிப்பொறியால் தீர்க்க வந்தவர் ஓலை நறுக்கை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். மூத்த பொறியாளர் அதைப் படம் பிடித்தார். ஓலை எதிர்க்கரைக் குப்பத்தினுடையது.

கூட்டம் கலைந்தபின் மூத்த பொறியாளரிடம் சாவியைக் கேட்டு வாங்கினேன். எண்ணிக்கையை நினைவில் வைப்பதை விட்டுவிட்டு, கண்ட பிழையை ஒரு கோப்பில் எழுதிவைக்கும்படி சுழலைத் திருத்தினேன். பிள்ளை இறந்தாலும் எழுதியது இருக்கும். கோப்பு வெறுமையாக இருந்தால் வெற்றி, இல்லையேல் தோல்வி. எந்த ஷெல்லுக்கும் இது ஒன்றுதான். நான் கெடுத்துவைத்த வரிகளையெல்லாம் பழையபடி ஆக்கினேன். ஓடவிட்டேன். தவறு, தவறு, தவறு என்று திரை நிறைய வந்தது. அந்த அறையில் அந்த இயந்திரம் சொன்ன முதல் உண்மை அது. கேட்க நானும் எறும்புகளும் மட்டும் இருந்தோம். நிரலின் எண்களைப் பெரிதாக்கும் வேலை சென்னையில் காத்திருந்தது. அதற்குள் இரு இயந்திரங்களிலும் சோதனை வெற்றி என்று மூத்த பொறியாளர் எங்கள் நிறுவனத் தலைமைக்கு எழுதிவிட்டார். நான் சென்னை திரும்பிய நாளில் நிறுவனத்தில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தார்கள். என் பங்கை நான் மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

சீட்டுப் போட்ட அன்று மாலை குப்பத்துக்குத் திரும்பும் படகில் அண்ணன் கோல் ஊன்றினான். எதிர்க்கரைப் படகு ஒன்று சுத்து வலையை ஏற்றிக்கொண்டு எங்களைக் கடந்து முகத்துவாரப் பக்கம் போயிற்று. அதிலிருந்து யாரோ, ரயிலு வருது ஒதுங்கு என்று கத்தினார்கள். அண்ணன் சிரித்தான்.

"மொதப் பாடு பூடுச்சு" என்றான்.

"நாளைக்கு நம்பளுது."

"மழைக்கும் இப்பிடியேதான?"

"இப்பிடியேதான். ஒருநாள் விட்டு ஒருநாள்."

அவன் கோலை உருவி மறுபடி ஊன்றினான். பின்பு, நாளை விடியலில் வலை ஏற்ற வேண்டும், கிழிசல் இரண்டு இடத்தில் இருக்கிறது, கரை ஏறியதும் நூலை எடுத்துக் கொடு என்றான்.